குதிகால் தரையில் படாத நடை

காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிய இறைவனின் திருவாலங்காடுதான் என் ஊர். ஆனாலும் கால் எப்படி நடக்கிறது என்று என்னை யோசிக்கவைத்தது கோயில் அல்ல, கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே வெல்டராக இருந்தேன்.

உலையடியில் சிலிக்கோ மாங்கனீஸ் அள்ளிப் போடும் அண்ணன் ஒருவர் இருந்தார். முன்னால் நடப்பார், ஓரடி பின்னால் வைக்கச் சொன்னால் சாய்ந்து விழுவார். முழங்கையை மடக்கி, விரல் நுனியில் சேவல் மாதிரி நடப்பார். மருத்துவப் புத்தகத்திலும் அதற்குச் 'சேவல் நடை' என்றுதான் பெயர். நாங்களோ சரக்கு என்று நினைத்தோம்.

நடுக்குவாத மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. காரணம் மூளையின் ஆழத்தில் இருக்கிறது. அங்குள்ள 'பாலிடம்' என்ற பகுதி எந்நேரமும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். காலை எடுத்து வைக்க நினைத்தால், பக்கத்திலுள்ள 'ஸ்ட்ரையேட்டம்' அந்த அசைவுக்கு மட்டும் பிரேக்கைத் தளர்த்தும். அதற்கு டோபமின் வேண்டும். 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய நடுக்குவாத நோயில், டோபமின் சுரக்கும் நடுமூளைச் செல்கள் சாகின்றன. பிரேக் இறுகிக் கிடக்கிறது. லெவோடோபா மாத்திரை உள்ளே போய் டோபமினாக மாறி அதைத் தளர்த்துகிறது.

லெவோடோபாவில் நம்மூர்ப் பங்கும் உண்டு. தொட்டால் அரித்துப் பிடுங்கும் பூனைக்காலியின் விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937இல் எழுதியவர்கள், சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைவு என்று வியன்னாவில் தெரியவந்தது 1960இல்தான்!

அண்ணன் சுவாசித்த மாங்கனீஸ் புகையோ முக்கியமாகப் பாலிடத்திலேயே போய்ப் படிகிறது. பிரேக்கே கெட்டுப்போனால் டோபமின் ஊற்றி என்ன பயன்? இதே ஆழத்தில் 'சப்தலாமிக்' என்ற சின்ன முடிச்சில் ரத்த ஓட்டம் அடைபட்டாலோ கதை தலைகீழ்: எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் தானாக வீசியடிக்கும். ஊரில் சாமி வந்துவிட்டது என்பார்கள்.

உள்ளே போகும் மாங்கனீசைப் பித்தநீர் வழியாக வெளியேற்றுவது கல்லீரல். குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவருக்கு அது இன்னும் தேங்கும். எம்.ஆர்.ஐ.யில் பாலிடம் வெள்ளையாகத் தெரியும். புகையை விட்டு விலகினால் அந்த வெள்ளை சில மாதங்களில் மங்கும். நடை திரும்பும் என்று சொல்ல முடியாது.

கிளாஸ்கோவில் மாங்கனீஸ் அரைத்த தொழிலாளர்களுக்குக் கால் தளர்ந்ததை கூப்பர் என்பவர் 1837லேயே எழுதிவிட்டார். நம் 1948 தொழிற்சாலைகள் சட்டமும் மாங்கனீஸ் நஞ்சைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்தது. பார்க்கும் டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. அண்ணனின் ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்றுதான் இருந்தது. அதை வைத்து எந்த டாக்டர் எதை எழுதுவார்? வேலைக்குப் போகும் பையன்களிடம் இப்போது சொல்லிவைக்கிறேன்: ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டால் 'கம்பெனி வேலை' என்று நிறுத்தாதே; எந்த உலோகம், எந்தப் புகை, எத்தனை வருஷம், எல்லாம் சொல்.