சிவப்பு மாறிய பின்னும் கசியும் கண்

கண் சிவந்தால் பதறுகிறோம். துளிமருந்து இட்டுச் சிவப்பு மாறியதும் நோய் போய்விட்டதென்று ஆறுதல் அடைகிறோம். அழற்சி கண்ணின் முற்பகுதியில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது சரிதான். ஆனால் பின்புறமுள்ள விழித்திரையைப் பிடித்துவிட்டால், முகம் பார்க்கும் கண்ணாடியில் எதையும் அறிய முடியாது.

துருக்கியில் அதிகம் காணப்படும் பெஹ்செட் நோய் இத்தகையது. இஸ்தான்பூலைச் சேர்ந்த தோல் வைத்திய நிபுணர் ஹுலூசி பெஹ்செட், வாய்ப்புண், மறைவிடப் புண், கண் அழற்சி ஆகிய மூன்றும் ஒரே நோயின் அடையாளங்களே என 1937இல் எடுத்துக்காட்டினார். பெரும்பாலும் இருபது, முப்பது வயதுகளில் தொடங்கும் இந்நோய், இளம் ஆண்களின் கண்களைக் கடுமையாகத் தாக்குகிறது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் பார்வை போவதென்றால் அவ்வீட்டுப் பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இரத்த நாளங்களே இந்நோயின் இலக்கு. விழித்திரை நாளங்களின் சுவர் பழுதடைந்து நீர் கசிகிறது. சில நாளங்கள் அடைபட்டும் போகின்றன.

இக்கசிவைப் படம்பிடிக்கும் வழியை 1961இல் வெளியிட்டவர்கள் பெரிய பேராசிரியர்களல்லர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான நொவொட்னி, அல்விஸ் இருவருமே. முதலில் படம்பிடிக்கப்பட்டதும் அல்விஸின் கண்தான்! புளோரசீன் என்ற சாயத்தைக் கை நாளத்தில் ஏற்றினால், பத்துப் பதினைந்து விநாடிகளில் அது விழித்திரையை அடைந்து, நீல ஒளியில் பச்சையாக மின்னும். நல்ல நாளத்தில் சாயம் உள்ளேயே ஓடும். பழுதுற்றதில் வெளியே ஊறிப் பரவும். பெஹ்செட் நோயில் அது பன்னச்செடி இலைபோல் விரிந்து தெரிவதுண்டு. வைத்தியர் நேரில் பார்க்கும்போது அமைதியாகத் தோன்றும் விழித்திரையிலும் சிலவேளை படம் கசிவைக் காட்டிக்கொடுக்கிறது. "இப்போது நன்றாகத் தெரிகிறதே" என்று மருந்தைத் தாமாக நிறுத்துவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

பரிசோதனைக்கு முன் கண்மணியை விரிக்கத் துளிமருந்து இடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாகும் என்பதால் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நல்லது. சிலருக்குக் குமட்டும். தோல் சற்று மஞ்சளாகவும் சிறுநீர் கடும் மஞ்சளாகவும் ஒரு நாளளவு இருக்கலாம், பயப்படத் தேவையில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் இதனை முற்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். கடும் ஒவ்வாமை அரிதாயினும் ஏற்படக்கூடியது. சாயம் தாய்ப்பாலிலும் கலக்கும்.

ஊசியே இல்லாமல், ஒளிக்கதிரால் நாளங்களைப் படமெடுக்கும் ஓசீடி கருவிகளும் இப்போது உள்ளன. அடைபட்ட நுண்நாளங்களை அவை அழகாகக் காட்டும். கசிவைக் காட்டமாட்டா, அதற்கு இன்றும் அந்தச் சாயம்தான் வேண்டியிருக்கிறது.