இணைவு உலையின் எரிபொருள் கணக்கும் லேசர் ஒளியும்

அணுக்கரு இணைவின் மூலம் மின்சாரம் ஆக்கும் முயற்சி பற்றிப் பேசும்போது எரிபொருளின் வளமும் உலையின் அளவுமே முதலிடம் பெறுகின்றன. உலைக்குள் நிகழ்வதை அளந்தறியும் பணி அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ஆயினும் அளவீடு இன்றி இத்துறையில் முன்னேற்றம் இல்லை. முனைவர் பட்டம் பெற்ற இளம் ஆராய்ச்சியாளர் பலர் ஈடுபட்டுள்ள லேசர் நிறமாலை ஆய்வு இப்பணியின் முக்கியப் பிரிவாகும்.

ஒளியே அளவுகோல்

டியூட்டிரியம், டிரிட்டியம் என்னும் இரு கன ஹைட்ரஜன் வகைகள் இணையும்போது ஹீலியமும் நியூட்ரானும் தோன்றிப் பேராற்றல் வெளிப்படுகிறது. இதற்குச் சுமார் 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பநிலை தேவை; சூரியனின் மையத்தில் நிலவுவதைப் போல் இது பத்து மடங்காகும். இந்நிலையில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து பிளாஸ்மா ஆகின்றன. டோக்காமாக் என்னும் வளைய வடிவ உலையில் காந்தப் புலம் பிளாஸ்மாவைச் சுவரினின்று விலக்கி நிறுத்துகிறது. இத்தகைய வெப்பத்தில் எந்த வெப்பமானியும் நிலைக்காது.

எனவே பிளாஸ்மாவினுள் லேசர் ஒளி செலுத்தப்படுகிறது. விரைந்து இயங்கும் எலெக்ட்ரான்கள் அதனைச் சிதறடிக்கும்போது ஒளியின் அலைநீளம் விரிவடைகிறது. விரிவின் அளவு வெப்பநிலையையும், சிதறிய ஒளியின் அளவு எலெக்ட்ரான்களின் அடர்த்தியையும் காட்டும்.

இம்முறை ஒருமுறை உலக ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது. சோவியத் விஞ்ஞானிகள் தம் டி-3 டோக்காமாக்கில் உயர் வெப்பநிலை எட்டியதாக 1968ஆம் ஆண்டில் அறிவித்தபோது மேலைநாட்டினர் ஐயுற்றனர். மறு ஆண்டு இங்கிலாந்தின் கல்லம் ஆய்வகக் குழுவினர் லேசர் கருவியுடன் மாஸ்கோ சென்று அளந்து, அக்கூற்று உண்மை என நிறுவினர். அதன்பின் பல நாடுகள் டோக்காமாக் வழியை மேற்கொண்டன.

சுவரில் மறையும் எரிபொருள்

அடுத்த சிக்கல் உலைச் சுவரைப் பற்றியது. டிரிட்டியம் கதிரியக்கமுடையது, அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். இயற்கையில் அது மிக அரிது. மின் உலைகளில் லித்தியத்திலிருந்து அதனை ஆக்கிக்கொள்ள வேண்டும். உலையில் இட்ட டிரிட்டியத்தில் ஒரு பகுதி சுவரில் புதைந்துவிடுகிறது. இந்த இழப்பு எரிபொருள் சிக்கனத்தையும் பாதுகாப்பையும் ஒருங்கே பாதிக்கும். பிரான்சில் உருவாகிவரும் பன்னாட்டு ஈட்டர் உலையினுள் தங்கும் டிரிட்டியத்திற்கு 700 கிராம் என வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. டிரிட்டியத்தை மிகுதியாகப் பிடித்துவைக்கும் கார்பன் அங்குக் கைவிடப்பட்டு, டங்ஸ்டன் ஏற்கப்பட்டது. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு சுவரில் நின்றது என்ற கணக்கு நேராகாமல் எந்த உலையும் தொடர்ந்து இயங்க இயலாது.

இக்கணக்கிற்கும் லேசர் துணைபுரிகிறது. வினாடியின் நூறு கோடியில் சில பங்கே நீடிக்கும் லேசர் துடிப்பு சுவரில் பட்டதும், நுண்ணிய அளவு பொருள் ஆவியாகிச் சிறு பிளாஸ்மாவாக ஒளிர்கிறது. அவ்வொளியின் நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளைக் காட்டும். 1920ஆம் ஆண்டில் விண்மீன்களின் ஒளியை விளக்குவதற்கு மேகநாத் சாஹா கண்ட சமன்பாடு, இச்சிறு பிளாஸ்மாவிலுள்ள பொருள்களின் விகிதத்தைக் கணிக்கவும் பயன்படுகிறது. 2023ஆம் ஆண்டு இறுதியில் இயக்கம் நின்ற கல்லம் ஜெட் உலையின் உட்சுவர், 2024இல் தொலைவிலிருந்து இயக்கப்படும் கைப்பொறியில் பொருத்திய லேசர் கருவியால் இவ்வாறு ஆராயப்பட்டது.

இளம் ஆராய்ச்சியாளரின் பணி

இம்முறை எளிதன்று. டியூட்டிரியத்தின் சிவப்புக் கோடு 656.10 நானோமீட்டரிலும் டிரிட்டியத்தின் கோடு 656.04 நானோமீட்டரிலும் அமைகின்றன. காற்றழுத்தம் மிகுந்தால் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று கலந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் அவை பிரியும், ஆனால் ஒளி மங்கும். எந்த அழுத்தத்தில், துடிப்புக்குப்பின் எத்தனை நேரம் கழித்து அளப்பது என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் சோதித்தே காண வேண்டும். டிரிட்டியத்தைக் கையாளும் வசதி சில ஆய்வகங்களிலேயே உள்ளமையால், பெரும்பாலான சோதனைகள் ஹைட்ரஜனையும் டியூட்டிரியத்தையும் கொண்டே நடத்தப்படுகின்றன. முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆராய்ச்சியாளர் பொறுமையுடன் செய்துவரும் பணி இத்தகையதே.

இந்தியாவின் நிலை

1982ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தொடங்கிய பிளாஸ்மா இயற்பியல் திட்டம், 1986இல் காந்திநகர் அருகே தனி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அங்கு 1989இல் ஆதித்யா டோக்காமாக் இயங்கத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டில் ஈட்டர் திட்டத்தில் சேர்ந்த இந்தியா, சுமார் 3,850 டன் எடையுள்ள அதன் குளிர்கலத்தை ஆக்கி அளித்தது.

பெரும் கருவிகளைச் செய்யும் திறன் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. அவற்றை அளந்தறியும் திறனும் அதற்கு ஈடாக வளர வேண்டும். உலை ஒன்றை அமைக்கப் பல்லாண்டுகள் ஆகின்றன. ஆய்வு நல்கையோ பெரும்பாலும் இரண்டாண்டுகளில் முடிந்துவிடுகிறது. கற்ற கைகள் வேறு துறைக்குச் சென்றால், அவர்கள் சேர்த்த அனுபவமும் உடன் செல்லும். கருவிகளுக்கு நிதி ஒதுக்கும்போதே, அவற்றின் அளவீட்டை அறிந்தோர் தொடர்ந்து பணியாற்றவும் வகைசெய்வது திட்டமிடுவோரின் கடமையாகும்.