சிங்கப்பூரில் தெரியும் வசந்தம்

நம் ஊரில் வசந்தம் ஏது, ஆண்டு முழுதும் வெயிலும் மழையும்தானே என்கிறீர்களா? மார்ச் மாதக் கடைசியில் சுங்கை பூலோ ஈரநிலத்துக்குப் போய்ப் பாருங்கள்.

கடல்நீர் ஏறும் வேளையில், கரையோரச் சேறு மூழ்கியதும் பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திகள் அங்கு வந்து ஓய்வெடுக்கும். செப்டம்பர் வாக்கில் வந்தபோது வெளிறியிருந்த வயிற்றில் இப்போது கறுப்புத் திட்டுகள் தெரியும். அதுதான் வசந்தத்தின் முதல் அறிகுறி. ஏப்ரலில் சில பறவைகளுக்கு முகம் முதல் வயிறு வரை கறுத்துவிடும். வடக்கே துந்திரா நிலத்தில் இணை சேர்வதற்கான கோலம் அது.

குளிர்நாடுகளில் பகல் நீள்வது பறவைகளுக்குப் பருவத்தை உணர்த்தும். இங்கோ பகல்நேரம் ஆண்டு முழுதும் ஏறக்குறைய 10 நிமிடமே மாறுகிறது. பின் எப்படித் தெரிகிறது? வலசைப் பறவைகள் பலவற்றின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் இயங்குகிறது. வெளிச்சம் மாறாத அறையில் வளர்ந்த பறவைகளும் ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை இறகு மாற்றியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆனால், கடிகாரம் மட்டும் போதாது. நெடும்பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க வழியெங்கும் இரை வேண்டும். கரைப்பறவைகள் பல தங்கிச் செல்லும் மஞ்சள் கடலின் சேற்றுநிலங்கள், நிலமீட்பால் பெருமளவு சுருங்கிவிட்டன.

முதல் கறுப்புத் திட்டைக் கண்ட தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட உங்களிடம் சொந்தத் தரவு இருக்கும்.