மாநிலம் மறுத்தது, ஊர்கள் செய்தன

வலி மாத்திரைக்கு அடிமையானவர்களைக் கண்டுபிடிக்கும் பதிவேட்டை மிசௌரியின் உள்ளூர் நிர்வாகங்களே உருவாக்கின. பலன் கிடைத்தது. ஆனால் பாதிதான்.

காலையில் ஒரு டாக்டரிடம் முதுகுவலி என்று சொல்லி மாத்திரை எழுதி வாங்குவது. மதியம் வேறொரு டாக்டர். மாலையில் மூன்றாமவர். மூன்று சீட்டுகளையும் மூன்று மருந்துக் கடைகளில் நீட்டினால் மூன்று டப்பா மாத்திரை கைக்கு வந்துவிடும். முதல் டாக்டர் எழுதியது இரண்டாமவருக்குத் தெரியாது. முதல் கடை விற்றது மூன்றாவது கடைக்குத் தெரியாது. அபின் வகை வலி மாத்திரைகளுக்கு அடிமையான அமெரிக்கர்கள் பலர் கையாண்ட தந்திரம் இது.

இதற்கு முட்டுக்கட்டை போடத்தான் மாநில அரசுகள் மருந்துச் சீட்டுக் கண்காணிப்புத் திட்டங்களைக் கொண்டுவந்தன. கலிஃபோர்னியா 1939லேயே காகித வடிவில் தொடங்கிவிட்டது. 1990களிலிருந்து வேலை கணினிக்கு மாறியது. யாருக்கு, என்ன மருந்து, எத்தனை மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது என்பதை மருந்துக் கடை பதிவு செய்ய வேண்டும். அடுத்த டாக்டர் பேனாவைத் திறக்கும் முன் அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐம்பது மாநிலங்களில் ஒன்று மட்டும் பிடிவாதமாக ஒதுங்கி நின்றது. அது மிசௌரி. எட்டு மாநிலங்கள் சூழ நாட்டின் நடுவில் இருக்கும் மாநிலம். வலையில் ஓட்டை விழக் கூடாத இடத்தில் விழுந்திருந்தது.

பிரச்சினையின் வேர் 1996ல் இருக்கிறது. பர்டியூ ஃபார்மா நிறுவனம் அந்த ஆண்டு ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்ற பிரசாரத்தை நம்பி டாக்டர்கள் தாராளமாக எழுதினார்கள். தவறான தகவல் தந்து மருந்தை விற்றதாக 2007ல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் முதுகுவலிக்கும் பல் பிடுங்கியதற்கும் மாத்திரை வாங்கிய எத்தனையோ பேர் அதை விட முடியாத நிலைக்குப் போய்விட்டிருந்தனர்.

இத்தனைக்குப் பிறகும் மிசௌரி ஏன் மறுத்தது? 'அந்தரங்கம்' என்பதுதான் பதில். கண்காணிப்பு மசோதாவைச் செனட்டில் பல ஆண்டுகள் மறித்து நின்ற ராப் ஷாஃப் ஒரு குடும்ப டாக்டர். குடிமகன் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதை அரசாங்கக் கணினி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும், பட்டியல் திருடு போனால் யார் பொறுப்பு என்பது அவர் தரப்பின் வாதம். மசோதாவுக்காக ஆண்டுதோறும் போராடிய ஹாலி ரெய்டரும் அதே குடியரசுக் கட்சிதான். தன் மகளே இந்தப் பிடியில் சிக்கியவர் என்பதை அவர் பொதுமேடையில் மறைக்கவில்லை.

சட்டமன்றம் நகராத நிலையில் களத்தில் இறங்கியது செயின்ட் லூயிஸ் கவுன்டி. நம் ஊர்க் கணக்கில் மாவட்ட நிர்வாகம் மாதிரி. மக்கள்தொகை சுமார் 10 லட்சம். பொதுச் சுகாதாரத்தைக் காக்க உள்ளூர் நிர்வாகத்துக்கு இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி 2016ல் தனியாகவே ஒரு சட்டம் போட்டது. 2017 ஏப்ரலில் பதிவேடு இயங்கத் தொடங்கியது. மற்ற நகரங்களும் கவுன்டிகளும் தத்தம் மன்றங்களில் சட்டம் நிறைவேற்றி அதே பதிவேட்டில் சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்ததுதான் சாமர்த்தியம். ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சில ஆண்டுகளில் 75 உள்ளூர் நிர்வாகங்கள், மாநில மக்கள்தொகையில் சுமார் 85 சதவிகிதம் பேர் அதற்குள் வந்துவிட்டனர்.

ஆனாலும் அது ஒட்டுப்போட்ட வலைதான். சேராத கவுன்டிகளில் பெரும்பாலானவை கிராமப்புறங்கள். எல்லை தாண்டிக் காரில் போய் அங்கே மாத்திரை வாங்கினால் பதிவேட்டில் அது ஏறாது. கடைசியில் 2021 ஜூனில்தான் ஆளுநர் மைக் பார்சன் மாநிலம் முழுமைக்குமான சட்டத்தில் கையெழுத்திட்டார். எதிர்ப்பாளர்களின் கவலைக்கும் அதில் இடம் கிடைத்தது. விவரங்களை மூன்று ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிட வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைப் பறிக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. 2023 டிசம்பரில் மாநிலத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடே முடித்த வேலையை மிசௌரி கடைசியாக முடித்தது.

சாவு நின்றதா? இல்லை. பதிவேடு அடைத்தது ஒரு வழியைத்தான். 2010ல் ஆக்ஸிகான்டினை எளிதில் பொடியாக்க முடியாதபடி மாற்றியபோதே பலர் ஹெராயினுக்குத் தாவியிருந்தனர். பிறகு வந்தது கள்ளச்சந்தை ஃபென்டனில். அதற்குச் சீட்டும் வேண்டாம், கடையும் வேண்டாம். 2022ல் அமெரிக்காவில் அபின் வகை மருந்துகளால் இறந்தவர்கள் 80,000க்கும் மேல். பெரும்பாலோரைக் கொன்றது ஃபென்டனில். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத சரக்கு.

இன்னொரு பக்கமும் உண்டு. கண்காணிப்புக்குப் பயந்த டாக்டர்கள் உண்மையான வலியோடு வந்தவர்களுக்கும் மருந்தைத் திடீரென நிறுத்தினார்கள். 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலை இப்படிக் கண்மூடித்தனமாகப் பின்பற்றக் கூடாது என்று, நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2022ல் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஒரே ஆள் மூன்று சீட்டு வாங்கியிருப்பது திரையில் தெரிந்தால் டாக்டர் செய்ய வேண்டியது அவரை வெளியே அனுப்புவதல்ல, சிகிச்சையில் சேர்ப்பது. போதைப் பிடியிலிருந்து மீட்க உதவும் பூப்ரினார்ஃபினை எழுத டாக்டர்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதியை அமெரிக்கா கைவிட்டது 2022ன் இறுதியில்தான். கண்காணிக்கக் காட்டிய வேகம் குணப்படுத்துவதில் இல்லை.

இந்தியாவுக்கு இதில் பாடம் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை மருந்துச் சிகிச்சை மையம் 2019ல் வெளியிட்ட ஆய்வின்படி அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி. இதில் மருந்துக் கடைச் சரக்கும் அடக்கம். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 பட்டியல் மருந்துகளுக்கு, டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். டிரமடால் 2018 முதல் போதைப் பொருள் சட்டத்தின் கீழேயே வந்துவிட்டது. எதிர்த்திசையிலும் நமக்கு அனுபவம் உண்டு. 1985ன் போதைப் பொருள் சட்டக் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பதே அரிதாகி, 2014ல் சட்டத்தைத் திருத்தித்தான் வழி விட வேண்டியிருந்தது.

ஆக, நமக்கும் விதி இருக்கிறது, நோட்டும் இருக்கிறது. ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் நோட்டு அடுத்த தெருக் கடைக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட மட்டும் உதவும். செயின்ட் லூயிஸ் செய்தது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. தனித்தனி நோட்டுகளை ஒன்றாகச் சேர்த்தது, அவ்வளவுதான். அதற்கு மேலிடத்து உத்தரவுக்காக அது காத்திருக்கவில்லை.