பொடி மருந்தில் தண்ணீர் எவ்வளவு? குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்கும் முறை

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி வீடானாலும் சரி, வேடசந்தூர் பக்கத்தில் நூல் மில்லுக்குப் போகும் தாயின் வீடானாலும் சரி, இந்தக் காட்சி உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் சீட்டு எழுதித் தருகிறார். மருந்துக்கடைக்காரர் ஒரு சின்ன சீசாவைக் கொடுக்கிறார். திறந்து பார்த்தால், அடியில் வெறும் பொடி!

அந்தப் பொடிதான் ஆன்டிபயாடிக். நோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து. அதைச் சரியாகக் கரைத்து, சரியாக அளந்து, சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டியது வீட்டில் உள்ளவர்களின் வேலை. அதில் தவறு நேர்ந்தால், நல்ல டாக்டர் எழுதிய நல்ல மருந்தும் வீண்தான்.

எந்தக் காய்ச்சலுக்கு?

கிருமிகளில் பாக்டீரியா என்று ஒரு வகை. வைரஸ் என்று இன்னொரு வகை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரசை ஒன்றும் செய்யாது.

மூக்கு ஒழுகுவது, சாதாரணச் சளி, இருமல் எல்லாம் பெரும்பாலும் வைரசால் வருபவை. சில நாளில் தானே போய்விடும். நிமோனியா, காதில் சீழ், சிறுநீர்ப் பாதையில் புண் போன்றவற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்பது சட்டம்.

கோடு வரை தண்ணீர்

முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆற வையுங்கள். ஆத்தூர் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரானாலும், தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரானாலும் இதுதான் முறை. சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது. சில மருந்துகளுடன் சுத்தமான நீரும் சேர்ந்தே வரும். அப்போது அதையே ஊற்ற வேண்டும்.

சீசாவைத் தட்டிப் பொடியை உதிர்த்துக் கொள்ளுங்கள். சீசாவின் மேல் ஒரு கோடு இருக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். மருந்து கோட்டுக்குக் கீழே இறங்கி இருந்தால், கோடு வரை மீண்டும் ஊற்றிக் குலுக்குங்கள்.

தண்ணீர் குறைந்தால் மருந்தின் வேகம் கூடும். தண்ணீர் கூடினால் வேகம் குறையும், கிருமி சாகாது. சந்தேகம் இருந்தால், கடைக்காரரையே கரைத்துத் தரச் சொல்லலாம்.

கரைத்த தேதியைச் சீசாவின் மேல் எழுதுங்கள். கரைத்த மருந்து சில வகைகளில் 7 நாள், சில வகைகளில் 14 நாள் இருக்கும். லேபிளில் அது அச்சிடப்பட்டிருக்கும். சில மருந்துகளைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை என்றால், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீரில் கரையும் மாத்திரையும் உண்டு. குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனமே கரையும் அமாக்சிசிலின் மாத்திரையைச் சிபாரிசு செய்கிறது.

சமையல் கரண்டி வேண்டாம்

ஒரு வீட்டுக் கரண்டியில் 3 மில்லி பிடிக்கும். அடுத்த வீட்டுக் கரண்டியில் 7 மில்லி பிடிக்கும். ஆகவே மருந்தோடு வரும் அளவு மூடியாலோ, ஊசியில்லாத சிரிஞ்சாலோதான் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சீசாவைக் குலுக்கிய பிறகே ஊற்றுங்கள்.

அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. எனவே தம்பிக்கு எழுதிய மருந்தை அக்காளுக்குக் கொடுக்கக் கூடாது.

சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. 5 மில்லி சிரப்பில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கும் என்று வைத்துக் கொள்வோம். சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம். சிரப் என்று நினைத்து அதில் 5 மில்லி கொடுத்தால், நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும்!

குழந்தையை உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும்.

காலண்டரில் ஒரு கோடு

தாய் மருந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். அது தெரியாமல் பாட்டியும் கொடுக்கிறார். இப்படி இரட்டை மருந்து போவது உண்டு. இதைத் தடுக்கச் சுலபமான வழி இருக்கிறது. மருந்து கொடுத்ததும், அன்றைய காலண்டர் தாளில் ஒரு கோடு போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கோட்டை எண்ணிவிடலாம். ஒரு வேளை தவறினால், அடுத்த வேளைக்கு இரண்டு மடங்கு கொடுக்கக் கூடாது.

காய்ச்சல் விட்டால் போதுமா?

இரண்டு நாளில் குழந்தை ஓடி விளையாடும். "இனி மருந்து எதற்கு?" என்று தோன்றும். டாக்டர் சொன்ன நாள் 3 ஆனாலும், 5 ஆனாலும், 10 ஆனாலும் அதுவரை கொடுக்க வேண்டும். தொண்டையில் வரும் ஒரு வகை பாக்டீரியாவை முழுதாக ஒழிக்காவிட்டால், பின்னால் சில குழந்தைகளுக்கு இதய வால்வே கெட்டுப் போகும். அதற்காகத்தான் அந்தத் தொண்டை நோய்க்குப் பெரும்பாலும் 10 நாள் மருந்து எழுதுகிறார்கள்.

வீட்டில் கொடுக்கும் மருந்து எவ்வளவு பலன் தரும் என்பதைச் சென்னை உலகத்துக்கே காட்டியது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். மற்றவர்கள் தங்கள் ஏழைக் குடித்தனத்திலேயே மருந்து சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வெளியானது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள்!

வேண்டாத சிரப் வேண்டாம்

2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்து 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அந்த சிரப் காஞ்சீபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் விஷ திரவம் கலந்திருந்தது. அது ஆன்டிபயாடிக் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: சீட்டில் இல்லாத சிரப்பை வாங்கிக் கொடுக்கக் கூடாது. மருந்து முடியும் வரை சீசாவையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். மீதமான மருந்தை அடுத்த காய்ச்சலுக்கு வைக்கக் கூடாது.

உடனே ஓட வேண்டிய நேரம்

மருந்து கொடுத்ததும் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் தோன்றினால், அடுத்த வேளை கொடுக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வேகமாக வாங்குவது, விலா உள்ளே இழுப்பது, பால் குடிக்க முடியாமை, வலிப்பு, தட்டி எழுப்பியும் கண் திறக்காமை ஆகியவையும் ஆபத்து அறிகுறிகள்.

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ குழந்தையைத் தூக்கிச் செல்லுங்கள். போகும்போது மருந்து சீசாவையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது டாக்டருக்கு உடனே தெரியும்.