தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலும் குழந்தையை காப்பாற்றலாம்: பிரசவத்துக்கு பிறகும் மாத்திரையை நிறுத்தாதீங்க

மதுரை,

கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் "வயித்துப் பிள்ளைக்கும் வந்துருச்சே" என்று வீட்டில் இடிந்து போய் உட்கார்ந்து விடுகிறார்கள். அப்படி பயப்பட வேண்டியதில்லை.

கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் என 3 கட்டத்தில் தாயிடம் இருந்து குழந்தைக்கு கிருமி பரவலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்கு தொற்றும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் இது 5-க்கும் கீழே இறங்கிவிடும். ரத்தத்தில் கிருமி பெருகாமல் மாத்திரை அடக்கி வைப்பதே காரணம்.

முன்பு பிரசவ வலி வந்ததும் நெவிரபின் மாத்திரை ஒன்று மட்டும் கொடுத்தார்கள். 2014 முதல் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்க கூட்டு மருந்து தரப்படுகிறது. குழந்தைக்கும் பிறந்ததில் இருந்து குறைந்தது 6 வாரம் மருந்து உண்டு. 6-வது வாரத்தில் ரத்தப் பரிசோதனை. 18-வது மாத பரிசோதனையில்தான் முடிவு உறுதியாகும்.

எங்கே தப்பு நடக்கிறது?

"பிள்ளை பிறந்தாச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்துவதுதான் ஆபத்து. கிருமி மறுபடி பெருகி, பால் வழியாக குழந்தைக்கு போய்விடும்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரையும் இலவசம். பெயர், விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் 1097-க்கு போன் போடலாம், காசு கிடையாது.