டிராக்டரின் முன்பாரம்: கருவிக்கேற்ற எடையைத் தேர்ந்துகொள்ளும் முறை

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் பருத்தி, உளுந்து, பாசி, மக்காச்சோளம் முதலியவற்றின் மானாவாரிச் சாகுபடி, மண்ணில் ஈரம் பதமாயிருக்கும் சில நாட்களுக்குள் உழவையும் விதைப்பையும் முடிப்பதையே பொறுத்திருக்கிறது. அந்நாட்களில் ஒரே டிராக்டர் காலையில் கொக்கிக் கலப்பையையும், பிற்பகலில் சுழல் கலப்பையையும், மாலையில் டிரெய்லரையும் இழுக்கிறது. கருவி மாறுந்தோறும் டிராக்டரின் முன்புறத்தில் எவ்வளவு எடை இருக்கவேண்டும் என்பதும் மாறும். இதைக் கவனியாவிடில் உழவு கெடுவதோடு, சில சமயம் உயிருக்கே அபாயம் நேரிடும். ஆகையால் இவ்விஷயத்தை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பாரம் ஒத்திருத்தல்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் இதன் நியாயத்தை நன்கு அறிவார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அச்சுக்கு இருபுறமும் பாரம் ஒத்திருந்தால்தான் வண்டி இலகுவாய் நடக்கும்.

கடலில் ஓடும் சிறு மோட்டார் படகுகளுக்கும் இதே நியாயம் உண்டு. எஞ்சின் பின்புறத்திலிருந்து தள்ளுவதால் படகின் முனை தூக்கிக்கொள்ளும். இதைத் திருத்துவதற்காகச் சில படகுகளின் பின்விளிம்பில் இரண்டு சிறிய தகடுகளைப் பொருத்துகிறார்கள். தகடுகளைத் தாழ்த்தினால் பின்புறம் உயர்ந்து முனை தணியும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் முனை நீரில் புதைந்து, படகு திருப்பிய திசைக்கு வராது. டிராக்டரின் முன்புறத்தில் மாட்டும் இரும்பு எடைகள் செய்யும் வேலையும் இத்தகையதே. குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு.

பழைய அனுபவம்

1917-ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ட்ஸன் டிராக்டர்களில், இழுத்துச்செல்லும் கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால், முன்புறம் செங்குத்தாய் எழும்பி வண்டி பின்னோக்கிக் கவிழ்வதுண்டு. அயர்லாந்து தேசத்து ஹாரி பெர்குஸன் என்பவர் கலப்பையை மூன்று இணைப்புக்களால் டிராக்டருடனேயே பொருத்தி, மண்ணின் எதிர்ப்பு முன்புறத்தைக் கீழே அழுத்தும்படி அமைத்தார். இந்த அமைப்புடன் 1939-இல் போர்டு-பெர்குஸன் டிராக்டர் வெளிவந்தது. இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களிலும் இம்மூன்று இணைப்பு முறையே இருக்கிறது. இதனால் அபாயம் குறைந்ததேயன்றி நீங்கிவிடவில்லை. கருவி மண்ணிலிருந்து தூக்கப்பட்டதும் அதன் முழுப்பாரமும் பின்அச்சுக்குப் பின்னால் தொங்கி, முன்சக்கரங்களின் பாரத்தைக் குறைத்துவிடுகிறது. வயலின் ஓரத்தில் திரும்பும்போதும் வரப்பு ஏறும்போதும் ஸ்டியரிங் பிடிபடாமற்போவது இக்காரணத்தாலேயே.

கணக்கிடும் விதம்

கருவியைத் தூக்கிய நிலையிலும் டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களின்மேல் இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. ஓர் எடுத்துக்காட்டைக் கவனிப்போம். டிராக்டரின் எடை 2,000 கிலோ. அதில் முன்அச்சின்மேல் நிற்பது 700 கிலோ. இரண்டு அச்சுக்களுக்கும் இடையே தூரம் 2 மீட்டர். சுழல் கலப்பையின் எடை 450 கிலோ. அதன் பாரமையம் பின்அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். 450-ஐ 1.4-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்க, முன்புறத்தில் குறையும் பாரம் 315 கிலோ என்று வரும். மீதி நிற்பது 385 கிலோ. வேண்டியதோ 400 கிலோ.

இப்போது முன்அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால் 50 கிலோ எடையை மாட்டினால், அது முன்சக்கரங்களின்மேல் 65 கிலோவாய் இறங்கும். முன்பாரம் 450 கிலோவாகும். அதே சமயம் பின்சக்கரங்களின் பாரம் 15 கிலோ குறையும். ஆகவே வேண்டியதற்குமேல் மாட்டுவதால் இழுவைப் பிடிப்புக் குறைவதும், ஸ்டியரிங் கனப்பதும், ஈரமான கரிசல் மண் இறுகுவதுமே பலனாகும்.

கணக்கிடுவது கடினமாய்த் தோன்றினால் எடைமேடை உதவும். மேடைக்கு இருபுறமும் தரை சமமாயிருக்கவேண்டும். முதலில் கருவியில்லாமல் டிராக்டர் முழுவதையும் நிறுத்தி எடை பார்த்துக்கொள்க. பின்னர்க் கருவியை மாட்டித் தூக்கி, முன்சக்கரங்களை மட்டும் மேடைமேல் நிறுத்துக. இரண்டாவது எண் முதலாவதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் எடை சேர்க்க வேண்டும்.

பின்சக்கரச் சோதனை

பின்சக்கரத்தில் சுண்ணாம்பினால் ஓர் அடையாளம் இட்டு, கருவியைத் தூக்கியபடி அதே வயலில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற எவ்வளவு தூரம் செல்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்று அளக்க வேண்டும். முன்னது 40 மீட்டரும் பின்னது 35 மீட்டரும் ஆனால் வழுக்கல் நூற்றுக்குப் பன்னிரண்டரை. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பொருத்தமானது. அதற்கு மிகவும் மேற்பட்டால் பின்சக்கரத்துக்கு எடையோ, டயரினுள் தண்ணீரோ தேவை. மிகவும் குறைந்தால் வீண்பாரத்தைச் சுமந்து எண்ணெய் செலவாகிறது என்று அறியலாம்.

செய்யத் தகாதவை

முன்புறத்தில் கல்லையும் மணல் மூட்டையையும் கயிற்றால் கட்டுவது தகாது. அவை அவிழ்ந்து சக்கரத்தடியில் விழக்கூடும். ஆளை உட்காரவைப்பது அதனினும் கொடிது. டிரெய்லரையோ மரத்தையோ இழுக்கும்போது சங்கிலியைத் தாழ்ந்த இழுவைச் சட்டத்தில்தான் மாட்டவேண்டும். மேல் இணைப்பிலோ அச்சிலோ ஒருபோதும் மாட்டலாகாது. அவ்வாறு மாட்டி இழுத்தால் எவ்வளவு முன்எடை இருந்தும் காக்காது. முன்புறம் எழும்பிய ஒன்றரை வினாடிக்குள் வண்டி கவிழ்ந்துவிடும். ஓட்டுகிறவனுக்குக் குதிக்க நேரமில்லை. குளத்துப் பாசன வயல்களில் சக்கரம் சேற்றில் புதைந்தால் முன்னோக்கி முடுக்காமல், சேற்றை வெட்டி, பின்னோக்கி எடுப்பதே தக்கது.

வாங்குமுன்

மத்தியப்பிரதேசத்திலுள்ள பூத்னி மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையத்தின் அறிக்கைகளில், சோதிக்கப்பட்ட டிராக்டர்களின் எடையும், அது இரு அச்சுக்களிலும் நிற்கும் அளவும் கொடுக்கப்படுகின்றன. வாங்குகிறவர்கள் இவற்றைக் கேட்டுப் பெறலாம். டிராக்டருடன் வரும் கைப்புத்தகத்தில் கண்ட எடை வரம்பை மீறலாகாது. வாடகைக்கு அமர்த்துகிறவர்களும், கருவியைத் தூக்கியபடி ஒருமுறை மெதுவாய்த் திருப்பிக்காட்டச் சொல்லி, முன்சக்கரம் திருப்பிய வழியே செல்கிறதா என்று பார்த்தபின்னரே வயலில் இறக்குவார்களாக. கிராம அதிகாரிகள் உழவுப் பருவம் தொடங்குமுன் ஊர்க்கூட்டங்களில் இதனை எடுத்துரைத்தால், வீட்டுக்கு மூத்தவர்களை உழவு காலத்தில் இழக்கும் துயரம் பல குடும்பங்களுக்கு நேராமற் காக்கலாம்.